என்கிளெக்ஸ் தேர்வுக்குப் படிப்பது எப்படி: பெங்களூரில் பணிபுரியும் தமிழ்ச் செவிலியர்களுக்கு

மாரிக்குப்பத்திலிருந்து காலையில் பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில் நான் பல ஆண்டுகள் பயணம் செய்திருக்கிறேன். கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்ட பிறகு, அந்த ஊர்ப் பிள்ளைகளில் பெரும் பகுதியினரை வேலைக்குக் கொண்டு சேர்ப்பது அந்த ரயில்தான். அவர்களில் செவிலியர் படிப்பு முடித்த பெண்கள் நிறையப் பேர். சென்ற ஆண்டு ஒரு நாள் எதிர் இருக்கையில் இருந்த இளம் செவிலியர் ஒருத்தி, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனைகளின் இயல்பு அளவுகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5.0 என்று ஒன்றுகூடப் பிசகாமல் வந்தது. "பொட்டாசியம் 2.9னு ரிப்போர்ட் வந்தா என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டேன். "டாக்டருக்குச் சொல்லுவேன் அக்கா" என்றாள். "அதுக்கு முன்னாடி?" என்றதும் அவளுக்குப் பதில் வரவில்லை.

அமெரிக்காவில் செவிலியராகப் பதிவு பெற எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வு, அந்த 'முன்னாடி' என்ற இடத்தைத்தான் கேட்கிறது. எண்ணை அறிந்தவரா என்று அது கேட்பதில்லை; எண் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, அந்த எண்ணுக்குப் பின்னால் கட்டிலில் கிடக்கும் மனிதருக்கு அடுத்த சில நிமிடங்களில் என்ன ஆகக்கூடும், அதைத் தடுக்க உங்கள் கையால் எதை முதலில் செய்வீர்கள் என்று கேட்கிறது. ஆகவே படிக்கும் முறையும் அந்தக் கேள்விக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது, வார்டில் ஏற்கெனவே நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பதைக் கொண்டே அந்தத் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்பதைத்தான்.

முதலில் தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவு செவிலியருக்கான என்கிளெக்ஸ், 2023 ஏப்ரல் 1 முதல் புதிய வடிவில் நடக்கிறது. குறைந்தது 85 கேள்விகள், அதிகம் 150. இடைவேளைகளையும் சேர்த்து 5 மணி நேரம். நீங்கள் சரியாக எழுத எழுத, கணினி அடுத்த கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே போகும். தவறினால் சற்று எளிதாக்கும். உங்கள் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது 95 சதவீத உறுதியுடன் தெரிந்ததும் நின்றுவிடும். இதனால் 85ஆவது கேள்வியோடு திரை நின்றுபோனால் அது தேர்ச்சியாகவும் இருக்கலாம், தோல்வியாகவும் இருக்கலாம். எல்லாக் கேள்வியும் கடினமாக இருந்தது என்று கலங்கவும் வேண்டியதில்லை; நன்றாக எழுதுகிறவருக்குத்தான் அது கடினமாகிறது. பதில் கொடுத்த கேள்விக்குத் திரும்பப் போக முடியாது. ஆறு ஆறு கேள்விகள் கொண்ட மூன்று நோயாளிக் கதைகள் எல்லோருக்கும் உறுதியாக வரும்.

அந்த ஆறு கேள்விகளும் ஒரு வரிசையில் வருகின்றன: நோயாளியிடம் கவனிக்க வேண்டிய குறிகள் எவை, அவை எதைக் காட்டுகின்றன, பல காரணங்களில் எது முக்கியமானது, என்னென்ன செய்யலாம், எதைச் செய்வீர்கள், செய்த பிறகு நோயாளி தேறினாரா. டியூட்டி முடிந்து அடுத்தவரிடம் நல்ல ஹேண்ட் ஓவர் கொடுக்கிற ஒரு மூத்த சிஸ்டர் இதே வரிசையில்தான் பேசுவார். எனவே நான் சொல்லும் முதல் பயிற்சி இதுதான்: ஒவ்வொரு டியூட்டியிலும் ஒரே ஒரு கட்டிலைத் தேர்ந்தெடுத்து, அந்த நோயாளியைப் பற்றி இந்த ஆறு கேள்விகளுக்கும் உங்கள் நோட்டில் பதில் எழுதுங்கள். பெயர், ஐ.பி. எண், கட்டில் எண் எதுவும் அதில் இருக்கக் கூடாது. வயது, நோய், குறிகள் போதும். ஆறு மாதம் இப்படி எழுதியவர், ஐந்து தடித்த புத்தகங்களைப் புரட்டியவரைவிட நிதானமாகத் தேர்வை எழுதுவார் என்பதை என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்து படிக்கும் பெண்களிடம் பார்த்திருக்கிறேன்.

இனி பொட்டாசியத்துக்கு வருவோம். ஒரே ஒரு பாடத்தை முழுதாகப் படிப்பதென்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்; ஏனென்றால் இந்த ஒரு கொடியைப் பிடித்து இழுத்தால் சிறுநீரகம், இதயம், சர்க்கரை நோய், மருந்துகள், சாப்பாடு எல்லாமே கூடவே வந்துவிடும்.

2.9 என்று ரிப்போர்ட் வந்ததும் முதலில் போக வேண்டியது நோயாளியிடம். நாடித் துடிப்பு சீராக இருக்கிறதா, இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டரில் டி அலை தட்டையாகி அதன் பின்னால் யு அலை தெரிகிறதா, கை கால் தளர்ந்திருக்கிறதா, வயிறு உப்பிக் குடல் ஓசை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மருந்துச் சீட்டைப் பாருங்கள். சிறுநீரைப் பெருக்கும் லேசிக்ஸ் போய்க்கொண்டிருந்தால் காரணம் கையிலேயே இருக்கிறது. இதய மருந்தான டிகாக்சினும் இருந்தால் ஆபத்து இரட்டிப்பாகிறது, ஏனென்றால் பொட்டாசியம் குறைந்த உடம்பில் வழக்கமான டிகாக்சின் அளவே நஞ்சாகிவிடும். பசியின்மை, குமட்டல், நோயாளியின் கண்ணுக்கு மஞ்சள் வளையம் தெரிவது ஆகியவை அதன் அடையாளங்கள். டிகாக்சின் கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெத் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்துத் தெரிவிக்க வேண்டும். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரை அழைப்பதற்கும், வெறும் எண்ணை மட்டும் போனில் சொல்வதற்கும் உள்ள தூரம்தான் தேர்ச்சிக்கும் தோல்விக்கும் உள்ள தூரம்.

பொட்டாசியம் குளோரைடு ஏற்றச் சொல்லி ஆணை வருகிறது. நம் வார்டுகளில் கிடைக்கும் 10 மி.லி. ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) இருக்கிறது. இதைச் சிரிஞ்சில் எடுத்து நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். எந்தத் தேர்விலும், எந்த வார்டிலும் இதற்கு விதிவிலக்கு இல்லை. கைநரம்பு வழியாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போகாமல், பம்பு வைத்து, மானிட்டரைப் பார்த்தபடி ஏற்ற வேண்டும். அதற்கு முன் சிறுநீர் மணிக்குக் குறைந்தது 30 மி.லி. போகிறதா என்று பாருங்கள். வெளியேற வழியில்லாத உடம்பில் ஊற்றினால் 2.9 சீக்கிரமே 6.5 ஆகும். ஒரு சின்ன விஷயத்தை இங்கே கிட்ட நின்று பார்க்க வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் அப்படியே மருந்தைச் செலுத்தினால் அது அடியில், குழாய் தொடங்கும் இடத்திலேயே தேங்கி, முதல் சில நிமிடங்களில் அடர்த்தியாக உள்ளே போய்விடும். ஆகவே பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பலமுறை மேலும் கீழுமாகக் கவிழ்த்துக் கலந்து, லேபிள் ஒட்டிய பிறகுதான் தொங்கவிட வேண்டும். அவசரமான டியூட்டியில் விட்டுப்போகிற படி இதுதான்.

பொட்டாசியம் கூடிப்போவது எதிர்ப்பக்கம். டி அலை கூராக உயர்ந்திருக்கும். கால்சியம் குளுக்கோனேட் இதயத்துக்குக் காவல் மட்டுமே, அது பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. இன்சுலினும் டெக்ஸ்ட்ரோசும் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளும், உடம்பை விட்டு வெளியேற்றாது. வெளியேற்றுபவை டயாலிசிஸ், குடல் வழியே இழுக்கும் மருந்துகள் போன்றவை. இந்த மூன்றையும் பிரித்துப் புரிந்துகொண்டவருக்கு அடுத்த பாடம் தானாக வரும். சர்க்கரை நோயில் கீட்டோன் மயக்கத்தோடு வருகிறவரின் பொட்டாசியம் முதலில் இயல்பாகவோ அதிகமாகவோ தெரியும். இன்சுலின் போகப் போக அது செல்லுக்குள் நுழைந்து சரசரவென்று இறங்கும். அதனால்தான் அவருக்கு முதலில் நார்மல் சலைன், பிறகு பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டே ரெகுலர் இன்சுலின் என்ற வரிசை. கூடவே, ரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்துபோன மாதிரியிலும் பொட்டாசியம் பொய்யாகக் கூடித் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். நோயாளி நன்றாக இருக்கிறார், மானிட்டர் இயல்பாக இருக்கிறது, எண் மட்டும் 6.2 என்றால் மறுபடி ரத்தம் எடுப்பது சரியான விடையாக இருக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி வரும் கேள்விகளில் ஆரஞ்சும் உருளைக்கிழங்கும் வரும். நீங்கள் இளநீரை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு, உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்று வீட்டிலிருந்து அன்போடு இளநீர் கொண்டுவருவார்கள். அதில் பொட்டாசியம் மிகுதி. ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைப்பவை. காய்கறியை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டச் சொல்வதும் இதற்காகவே. உப்புக்குப் பதிலாக விற்கும் மாற்று உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கிறது என்பது தேர்வில் திரும்பத் திரும்ப வரும் விஷயம்.

ரத்தம் ஏற்றுவதை நான் இன்னொரு காரணத்துக்காகச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனையில், ஒரு நைட் டியூட்டியில் இரண்டு செவிலியர்கள் பார்க்க வேண்டிய கட்டில்களை நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் போட்டுச் சிறிது நேரத்தில் ஓர் அம்மா, "குளிருது சிஸ்டர்" என்றார். போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். மூத்த சிஸ்டர் ஓடிவந்து குழாயை மூடியதால் அவர் பிழைத்தார். 'குளிருது' என்ற சொல் அவர் எனக்குத் தந்த முதல் குறி என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

முறை இதுதான். ரத்த வங்கியிலிருந்து பை வந்த 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும். வார்டு ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. இரண்டு செவிலியர்கள் கட்டில் அருகிலேயே நின்று நோயாளியின் பெயர், எண், ரத்த வகை, காலாவதித் தேதி எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். கூடவே போகத்தக்க ஒரே திரவம் 0.9 சதவீத நார்மல் சலைன். டெக்ஸ்ட்ரோஸ் பட்டால் சிவப்பணுக்கள் சிதையும். முதல் 15 நிமிடம் நோயாளியை விட்டு நகரக் கூடாது. 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். குளிர், காய்ச்சல், இடுப்பு வலி, மூச்சுத் திணறல் எது வந்தாலும் முதல் செயல் ரத்தத்தை நிறுத்துவது. வேகத்தைக் குறைப்பதோ மருத்துவரை அழைப்பதோ வெப்பம் பார்ப்பதோ அதற்குப் பிறகுதான். அடுத்து, பழைய குழாயில் சலைனை ஓடவிடாமல் புதிய குழாய் மாற்றிச் சலைன் போட வேண்டும். பழைய குழாயில் நிற்கும் ரத்தமும் உள்ளே போய்விடக் கூடாதல்லவா? பிறகு மருத்துவருக்குத் தெரிவித்தல், வைட்டல்ஸ் (நாடி, ரத்த அழுத்தம், வெப்பம், மூச்சு) பார்த்தல், பையையும் குழாயையும் ரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்புதல், சிறுநீர் மாதிரி எடுத்தல்.

நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பீர்கள் என்ற கேள்வி வராத தேர்வே இல்லை. ஒரு மாதிரியைச் சேர்ந்து பார்ப்போம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு ஆக்சிஜன் அளவு 90 சதவீதம். முழங்கால் மாற்று அறுவை ஆனவருக்கு வலி பத்துக்கு ஏழு. சர்க்கரை நோயாளிக்குச் சாப்பாட்டுக்கு முன் சுகர் 210. நேற்றுத் தைராய்டு அறுவை ஆனவர் வாயைச் சுற்றி மரத்தது போல் இருக்கிறது என்கிறார். நம்மில் பலர் 90 சதவீதத்தைப் பார்த்ததும் மூச்சுதான் முதலில் என்று அங்கே ஓடுவோம். ஆனால் அந்த நோய்க்கு 88 முதல் 92 வரை எதிர்பார்க்கும் அளவுதான். வலி கொடியதுதான், ஆனால் அந்த அறுவைக்குப் பின் எதிர்பார்க்கக்கூடியது. 210ம் உடனடி ஆபத்து அல்ல. தைராய்டு அறுவையில் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கால்சியம் இறங்கும். வாயோரம் மரப்பது அதன் தொடக்கம். முற்றினால் குரல்வளை இறுகி மூச்சு அடைபடும். ஆகவே நான்காமவர்தான் முதல். இந்த நோய்க்கு எதிர்பார்க்கும் குறியா, எதிர்பாராத குறியா, புதிதாக வந்ததா, ஏற்கெனவே இருந்ததா என்ற கேள்விகளை ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்டுவிட்டுத்தான் மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசைக்குப் போக வேண்டும்.

நம் ஊர் வார்டுப் பழக்கம் நம்மைத் தவறான விடைக்கு அழைத்துச் செல்லும் இடங்கள் உண்டு. இவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் நோயாளியிடம் இயல்பாகச் சொல்வது, "பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்பது. அதில் உள்ள அன்பு உண்மையானது. ஆனால் தேர்வில் அது பொய்யான உறுதிமொழி; நோயாளியின் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுகிறது என்பதால் தவறு. எதை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று அவரைப் பேசவைக்கும் வாக்கியமே சரி. தற்கொலை எண்ணம் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், கேட்டால் தூண்டிவிடுமோ என்று தயங்காமல், உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்பதே சரி. புற்றுநோய் என்பதை அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று மகன் கையைப் பிடித்துக் கெஞ்சுவது நமக்குப் பழகிய காட்சி; தேர்வில் தன் நோயை அறியும் உரிமை அப்பாவுக்குத்தான். இந்தி, வங்காளம், கன்னடம், தமிழ், உருது எல்லாம் ஒரே வார்டில் ஒலிக்கும் பெங்களூரில், கூட இருக்கும் உறவினரையோ தூய்மைப் பணியாளரையோ மொழிபெயர்க்கச் சொல்லி வேலையை முடித்துக்கொள்கிறோம். தேர்வில் பயிற்சி பெற்ற மருத்துவ மொழிபெயர்ப்பாளரைத்தான் அழைக்க வேண்டும்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் அப்படிப்பட்டதே. இங்கே பாதி வேலையைக் கூட இருப்பவர்கள் செய்கிறார்கள், மீதியை ஆயாம்மா செய்கிறார். அங்கே பதிவு செவிலியர், உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர், உதவியாளர் என்று மூன்று அடுக்கு. முதல் மதிப்பீடு, முதல் கற்பித்தல், முடிவெடுத்தல், நிலை தடுமாறும் நோயாளி, ரத்தம் ஏற்றுதல் ஆகியவை உங்களுடையவை. யாருக்கும் கொடுக்க முடியாது. நிலை சீரான நோயாளிக்கு மாத்திரை, தசை ஊசி, புண் கட்டுதல் நடைமுறைச் செவிலியருக்கு. குளிப்பாட்டுதல், நடத்திச் செல்லுதல், சீரான நோயாளியின் வைட்டல்ஸ், உட்கொண்டதும் கழித்ததும் குறித்தல் உதவியாளருக்கு. விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு ஊட்டும் வேலையை உதவியாளரிடம் விடுவது தவறான விடை.

மருந்துப் பெயர்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் டோலோ என்றும் பாராசிட்டமால் என்றும் சொல்வதை அங்கே அசிட்டமினோஃபென் என்பார்கள். ஒரு நாளுக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது, மிஞ்சினால் மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின், சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால், பெத்திடின் அங்கே மெபெரிடின், லிக்னோகெய்ன் அங்கே லிடோகெய்ன். இவற்றை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கணக்கில் தவறுவது அறியாமையால் அல்ல, பழக்கத்தால். நம் சாதாரண ட்ரிப் செட்டில் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 20 துளி என்று கை பழகிவிட்டது. 1000 மி.லி.யை 8 மணி நேரத்தில் ஏற்ற அந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 42 துளி வரும். கேள்வியில் செட் 15 துளி என்று கொடுத்திருந்தால் விடை 31. ஆகவே கேள்வியில் உள்ள துளி எண்ணை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எடை பவுண்டில் வரும், 2.2ஆல் வகுத்துக் கிலோவாக்குங்கள். 33 பவுண்டுக் குழந்தை 15 கிலோ. கிலோவுக்கு 15 மி.கி. வீதம் அசிட்டமினோஃபென் 225 மி.கி.; 5 மி.லி.யில் 160 மி.கி. உள்ள சிரப்பில் அது ஏறத்தாழ 7 மி.லி. எத்தனை தசம இடத்துக்கு முழுமைப்படுத்த வேண்டும் என்று கேள்வியிலேயே சொல்லியிருப்பார்கள், கடைசி வரிவரை படியுங்கள்.

தொற்றுத் தடுப்பை ஒரு மாலையில் முடித்துவிடலாம். காசநோய், தட்டம்மை, சின்னம்மை காற்றில் பரவுபவை. என்95 முகக்கவசமும் எதிர்மறை அழுத்த அறையும் வேண்டும். கக்குவான், இன்ஃப்ளூயன்சா, மெனிங்கோகாக்கல் மூளைக்காய்ச்சல் துளியால் பரவுபவை. சாதாரண முகக்கவசம் போதும். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியால் வரும் வயிற்றுப்போக்கில் ஆல்கஹால் தேய்ப்பு பயன்படாது, சோப்பும் தண்ணீரும்தான்.

பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்ற வகைக் கேள்வியை எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஒவ்வொரு வரியையும் தனிக் கேள்வியாக வைத்து, இது சரியா தவறா என்று மட்டும் கேட்டுக்கொண்டு நகருங்கள். எத்தனை விடை இருக்கும் என்று ஊகிக்காதீர்கள். 2023க்கு முந்தைய பயிற்சிக் குறிப்புகளில், ஒன்று தவறினாலும் மதிப்பெண் இல்லை என்று இருக்கும். இப்போது பகுதி மதிப்பெண் உண்டு: சரியானதற்கு ஒன்று கூடும், தவறாகத் தேர்ந்ததற்கு ஒன்று கழியும், அந்தக் கேள்வியின் மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. எனவே ஐயமுள்ள வரியைப் போகிற போக்கில் தொடாமல் விடுவது நல்லது. இன்னொரு வகை, நோயாளிக்கு மேலும் கற்பித்தல் தேவை என்பதைக் காட்டும் கூற்று எது என்பது. அங்கே தவறான கூற்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். களைப்பில் இதைத் தலைகீழாகப் படித்து மதிப்பெண்ணை இழந்தவர்கள் பலர்.

டியூட்டி மாறிக்கொண்டே இருக்கும் வாழ்க்கையில் தினமும் நான்கு மணி நேரம் படிப்பு என்று அட்டவணை போடாதீர்கள். இரண்டாம் வாரமே அது உடைந்து மனம் சோர்ந்துவிடும். காலை டியூட்டி நாளில் 50 கேள்விகள், நைட் முடித்த நாளில் 15, விடுமுறை நாளில் 85ஐ ஒரே அமர்வில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி எழுத ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு விளக்கத்தைப் படிக்கச் செலவிடுங்கள். சரியாக எழுதியதன் விளக்கத்தையும் படியுங்கள், ஏனென்றால் தவறான காரணத்தால் சரியான விடைக்கு வந்திருக்கலாம். தவறியவற்றுக்கு ஒரு நோட்டு வையுங்கள். அதில் கேள்வியை எழுத வேண்டாம், ஏன் தவறினேன் என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள்: பாடம் தெரியவில்லை, சொல்லைக் கவனிக்கவில்லை, வார்டுப் பழக்கத்தில் போட்டேன், அவசரப்பட்டேன். ஒரு மாதம் கழித்து அந்த வரிகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே காரணம் மீண்டும் மீண்டும் இருக்கும்; அடுத்த மாதம் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். மதிப்பெண் சான்றிதழில் ஓரெழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், நர்சிங் கவுன்சில் பதிவில் வேறொரு வரிசை என்று இருக்கும். தேர்வுக்குப் பதிவு செய்யும் பெயரும், மையத்தில் காட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பதிவுக் கட்டணமான 200 டாலரும் வெளிநாட்டில் எழுதுவதற்கான கூடுதல் 150 டாலரும் போய்விடும். விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டை எதிரில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து அதில் உள்ளபடி நிரப்புங்கள். கல்விச் சான்றிதழ்களில் உள்ள வேறுபாட்டுக்கு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வைப் பெங்களூரிலேயே எழுதலாம். முந்தைய நாள் டியூட்டி வேண்டாம், அதற்கு முந்தைய இரவு நைட் டியூட்டியும் வேண்டாம். இதை இரண்டு மாதம் முன்பே வார்டு இன்சார்ஜிடம் கேட்டு வாங்குங்கள். நகரத்தின் போக்குவரத்தை நம்பாமல் மெட்ரோவில் போய் அரை மணி நேரம் முன்னதாகச் சேருங்கள். உள்ளங்கை நரம்பைப் பதிவு செய்வார்கள், கைக்கடிகாரமும் போனும் லாக்கருக்குப் போய்விடும், எழுத அழித்தெழுதும் பலகை தருவார்கள், கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும். இடைவேளை எடுத்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்றாலும், கண் எரியும்போது எழுந்து முகம் கழுவிவிட்டு வருவதில் நஷ்டம் இல்லை.

தேர்ச்சி பெறாதவர்களுக்கு, ஒவ்வொரு பாடப் பகுதியிலும் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே, அருகில், கீழே என்று காட்டும் அறிக்கை வரும். மறுபடி எழுதுவதற்கு இடையில் குறைந்தது 45 நாள் இருக்கிறது. கீழே என்று உள்ள பகுதியிலிருந்து தொடங்குங்கள். அருகில் என்று உள்ளதை இரண்டாவதாக எடுங்கள். மேலே உள்ளதற்கு நாளுக்கு 10 கேள்வி போதும். தவறுகளின் நோட்டு அந்த 45 நாளும் கைப்பையிலேயே இருக்கட்டும்.